கிணற்றடி அத்தியும் குடித்தனக்காரர்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. உரையாளர் 2011-ம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர். சங்கத்தின் கட்டடக் குழு உறுப்பினர்.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். "நீ சிவில்தானேப்பா, ஏதாவது பாலம், ரோடுன்னு பேசிடு" என்றார் செயலாளர் அண்ணன். நான் ஒரு மரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. கடைசியில் கட்டடத்துக்கு வந்துவிடுகிறேன் அண்ணே, கவலைப்படாதீங்க.

ஆண்கள் விடுதியின் பின்புறம், பழைய கிணற்றை ஒட்டி ஓர் அத்தி மரம் இருக்கிறதல்லவா? விடுதியில் இருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. துணி காயப் போட்டது அதன் கீழேதான். அரியர் ரிசல்ட் வந்த அன்று போய் உட்கார்ந்ததும் அதன் கீழேதான். கிளை நுனியில் காய்க்காமல் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் மரம். பழுத்து விழுந்தால் சிமென்ட் தொட்டியெல்லாம் சிவப்பாக நசுங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் நமக்கு இருந்த ஒரே தோட்டக்காரர் ஐயா, "தம்பி, அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்துத் தின்னணும்" என்பார். புட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சி. 'ஐயே' என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். நான்கு வருடமும் அப்படித்தான் போனது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. என் அக்கா பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன்பு அவரை இங்கே அழைத்து வந்திருந்தேன். மரத்தடியில் நின்று, "அத்தி பூத்தாற்போலன்னு சொல்றோமே, நீ நாலு வருஷம் இருந்தியே, பூவைப் பார்த்திருக்கியாடா?" என்று கேட்டார்.

"அத்திக்குப் பூ ஏதுக்கா?"

ஒரு பிஞ்சைப் பறித்து, பிளேடால் இரண்டாகக் கீறி, லென்ஸை என் கையில் கொடுத்தார். காய் என்று நான் நினைத்திருந்தது ஒரு பை. பையின் உட்சுவர் முழுவதும் பூ, நூற்றுக்கணக்கில். ஊசி முனை அளவுதான் ஒவ்வொன்றும். வெளியுலகத்துக்குக் காட்டாமல் உள்பக்கமாகவே பூக்கிற மரம் அது. அதனால்தான் பழமொழியில் அத்தி பூப்பது அத்தனை அபூர்வம்.

சரி, உள்ளே பூத்தால் மகரந்தம் எப்படிப் போகும்? தேனீ நுழைய வழியில்லை, காற்றும் புகாது. அங்கேதான் தோட்டக்காரர் ஐயா சொன்ன பூச்சி வருகிறது. புழு என்று நாம் தூக்கிப் போட்டது ஒரு குளவி. நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவு. காயின் நுனியில் சின்னஞ்சிறு வாசல் ஒன்று உண்டு, செதில்களால் அடைத்த வாசல். மரம் அந்த நேரத்தில் ஒரு வாசனையை வெளியிடும். அதைப் பிடித்துக்கொண்டு பெண் குளவி வந்து, அந்தச் செதில்களுக்கிடையே தன்னைத் திணித்துக்கொண்டு நுழையும். வழி அவ்வளவு குறுகல் என்பதால் இறக்கையும் உணர்கொம்பும் பிய்ந்துபோகும். திரும்பி வரும் பேச்சே கிடையாது. உள்ளே போய், கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் வைத்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும்.

முட்டை வைத்த பூக்கள் குளவிக் குஞ்சுக்குத் தொட்டில். மற்ற பூக்கள் மரத்துக்கு விதை. சில வாரங்கள் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளிவரும். அவற்றுக்கு இறக்கை கிடையாது. இன்னும் தொட்டிலுக்குள்ளேயே இருக்கும் பெண்களோடு இணைசேர்ந்து, பிறகு காயின் சுவரைக் கடித்துச் சுரங்கம் போட்டுக் கொடுத்துவிட்டு அவையும் முடிந்துவிடும். பெண் குளவிகள் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சுரங்கம் வழியாகப் பறந்துபோகும். வெளியுலகில் அவற்றுக்குக் கிடைப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் பூக்கிற பருவத்தில் இருக்கும் இன்னோர் அத்தி மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் ஒரு மரத்தின் காய்களெல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும் என்பதால், சொந்த மரம் உதவாது.

நமீபியாவில் ஒரு வறண்ட ஆற்றங்கரையில் அங்கிருக்கும் அத்தி இனத்தை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளவிகள் இரவுக் காற்றில் மிதந்து 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைக் கொண்டுபோயிருக்கின்றன. ரெண்டு மில்லிமீட்டர் பூச்சி, ஒரு ராத்திரி ஆயுசு, 160 கிலோமீட்டர். நாம் லாஜிஸ்டிக்ஸ் பாடத்தில் என்ன படித்தோம் என்று தெரியவில்லை.

உலகத்தில் ஆல், அரசு, அத்தி என்று இந்தக் குடும்பத்தில் எழுநூற்றைம்பதுக்கு மேல் இனங்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. ஆலமரத்துக் குளவி அத்திக்கு வராது. இந்த உறவு ஏழு, எட்டுக் கோடி வருடம் பழையது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டைனோசர் இருந்த காலம்.

அக்கா இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், அத்திப்பழம் சைவமா அசைவமா என்பது. மெஸ் கமிட்டியில் இருந்த பழக்கம்! அந்தச் சண்டையைப் பகல் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இது ஏதோ அன்பு, தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுமானத் தொழிலில் பதினான்கு வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது நன்றாகப் புரிந்த ஏற்பாடு. ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் ஏமாற்றுக்காரன் இருப்பான். பனாமாவில் ஆராய்ந்த இருவர் 2010-ல் வெளியிட்டதில், மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகப் பார்த்த குளவிகள் இருந்த காய்களைச் சில அத்தி இனங்கள் உதிர்த்துவிடுவதைக் கண்டார்கள். காய் விழுந்தால் உள்ளே இருக்கும் குஞ்சும் போச்சு. வேலை முடிக்காத கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் ஆகாது.

இன்னொரு வகைத் திருடர்களும் உண்டு. நம் அத்தியில் நல்ல குளவி ஓர் இனம் என்றால், வாசல் வழியாக வராமல் வெளியே நின்றபடியே காயைத் துளைத்து முட்டையிடும் குளவிகள் ஐந்தாறு இனங்கள். சில, பூவில் பங்கு கேட்கும். சில, உள்ளே இருக்கும் குஞ்சையே தின்னும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நம்ரதா குண்டையா, லட்சுமிநாத் குண்டநாட்டி என்ற இரண்டு பொறியாளர்கள் (கவனியுங்கள், உயிரியலார் அல்ல, நம்ம ஜாதி!) இப்படித் துளையிடும் குளவி ஒன்றின் துளைப்பானை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய ஊசி அது. நுனியில் பற்கள், பற்களில் துத்தநாகம். துளைபோடும் இடத்தில் மட்டும் உலோகம் சேர்த்துக் கடினமாக்கிய டிரில் பிட். மெக்கானிக்கல் நண்பர்கள் கைதட்டலாம்.

சரி, இந்தத் திருடர்களை யார் பிடிப்பது? இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வருடம். கிணற்றடியில் துணி துவைக்கும்போதெல்லாம் மேலே இருந்து முசுறு எறும்பு விழும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. கடித்தால் சுர்ரென்று ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அறை நண்பர்கள் இருவரும் நீளக் கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து, ஒரு கூடு விடாமல் கொளுத்தினோம். எண்ணிக்கூட வைத்திருந்தோம், பதினேழு கூடு. தோட்டக்காரர் ஐயா ஓடிவந்து, "அதுபாட்டுக்கு அது இருக்குது, உங்களை என்னப்பா செஞ்சுது?" என்று சத்தம் போட்டார். நாங்கள் கையைக் காட்டினோம், கடித்த தடிப்பு. அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பின்னால் படித்தேன். காயின் மேல் முசுறு திரிந்தால், மணிக்கணக்கில் வெளியே நின்று துளைபோடும் திருட்டுக் குளவிகள் பிடிபடுகின்றன. நல்ல குளவியோ சட்டென்று வாசலில் நுழைந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. முசுறு மரத்துக்கு வாட்ச்மேன். அதற்குச் சம்பளமாக இலையும் இடமும். நாங்கள் வாட்ச்மேனைக் கொளுத்தியிருக்கிறோம். அதனால் அந்த வருடம் மரத்துக்கு என்ன நஷ்டம் என்று என்னிடம் கணக்கில்லை. அன்று அதை யார் பார்த்தார்கள்?

ஒரு குடித்தனக்காரன் இல்லாவிட்டால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னா பகுதியிலிருந்து (இன்றைய இஸ்மிர்) பேர்பெற்ற சீமை அத்தி ரகத்தைக் கலிபோர்னியாவில் கொண்டுபோய் நட்டார்கள். அது வேறு இனம், ஆனால் அதற்கும் குளவி வேண்டும். மரம் தளதளவென்று வளர்ந்தது. பிஞ்சு பிடித்தது. பழுக்காமல் உதிர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு இதே கதை. ஸ்மிர்னா விவசாயிகளோ காலங்காலமாகக் காட்டு அத்திக் காய்களைக் கோர்த்துத் தோப்பு மரங்களில் தொங்கவிடுவார்கள். அது ஏதோ மூடநம்பிக்கை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்தக் காட்டுக் காய்க்குள்தான் குளவி இருந்தது. 1899-ல் குளவியையும் வரவழைத்து ஃபிரெஸ்னோ பக்கம் குடியமர்த்திய பிறகுதான் பழம் கிடைத்தது. மெஷினை இறக்குமதி செய்துவிட்டு ஸ்பேர் பார்ட்டை மறந்த கதை.

குளவியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தரைக்குக் கீழே இருப்பது அதுவும் இல்லை. நம்முடைய பெரும்பாலான மரங்களின் மெல்லிய வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. வேர்ச் செல்லுக்குள் சின்ன மரம்போலக் கிளைவிட்டு இருக்கும். வெளியே மண்ணில் வேரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகப் பரவும். பாஸ்பரஸ் மண்ணில் நகராமல் ஒட்டிக்கொள்ளும் சத்து. வேர் தன்னைச் சுற்றி இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அடுத்தது அதன் கைக்கு எட்டாது. பூஞ்சையின் இழை போய் எடுத்து வந்து கொடுக்கும். பதிலுக்கு மரம் தான் தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் பங்கு கொடுக்கும். வேரும் பூஞ்சையும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 1885-ல் 'மைக்கோரைசா' என்று பேர் வைத்தவர் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர்.

காட்டு மரங்களெல்லாம் இந்தப் பூஞ்சை வலை மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிமரத்துக்கு ஊட்டுகிறது என்று வாட்ஸப்பில் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் நிறுத்தி நம்புங்கள். சுசான் சிமார்ட் என்ற கனடா அறிவியலார் 1997-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து அந்தப் பேச்சு பிரபலமானது. பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி அலசி 2023-ல் வந்த கட்டுரை, காட்டில் இதற்குக் கிடைத்திருக்கும் சான்று சொல்லப்படுகிற அளவுக்குப் போதாது என்கிறது. ஆனால் வேருக்கும் பூஞ்சைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் சந்தேகமில்லை. பியூர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பல வருடம் முயன்று கன்றுகள் நோஞ்சானாகவே போயின. 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்தார்கள். பூஞ்சை வந்தது, மரம் எழுந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு நான் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலையில் இருந்தேன். எங்கே, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சாலையோர மரங்களுக்குப் பெயின்டால் நம்பர் போட்டது நான்தான். புளியமரமாக இருந்தாலும் வேம்பாக இருந்தாலும் அளவுப் பட்டியலில் 'மரம், எண் 1'. வெட்டினால் ஒன்றுக்குப் பத்துக் கன்று. கணக்கு நேராகிவிடும். ஓர் அரச மரத்துக்கு மட்டும் ஊர்மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பெயர்த்து நடுவது என்று முடிவானது. கிளைகளையெல்லாம் மொட்டையடித்து, வேரைச் சுற்றி மூன்று மீட்டர் விட்டு வெட்டி, கிரேனில் தூக்கி, அரைக் கிலோமீட்டர் தள்ளி நட்டோம். இரண்டே மாதத்தில் துளிர்விட்டது. போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கும் கொடுத்தார்கள். அரசு, ஆல், அத்தி எல்லாம் லேசில் சாகாத ஜாதி. நானும் பெருமையாக வீட்டில் காட்டினேன்.

நான்கு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். மரம் இருந்தது. குடைக்காம்பில் நாலு கம்பி நீட்டினமாதிரி இருந்தது. பழைய இடத்தில் மாலையானால் மைனாவும் கிளியும் போடும் சத்தத்தில் டீக்கடையில் பேச முடியாது. இங்கே ஒரு பறவையும் இல்லை. ஒரு காயும் இல்லை. எறும்பு வரிசைகூட இல்லை. நாங்கள் தூக்கி வந்தது தண்டை. வேரின் பெரும்பகுதியும் அதோடு ஒட்டிய பூஞ்சையும் இன்றைக்கு நாலுவழிச் சாலைக்கு அடியில் இருக்கிறது. எங்கள் ரிப்போர்ட்டில் அந்த மரம் 'பிழைத்தது, எண் 1'.

இதனால் மரம் தனக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் உபசரிக்கிறது என்றும் சொல்லவரவில்லை. மாமரத்துப் புல்லுருவியைப் பார்த்திருப்பீர்கள். குட்டிப் பறவை ஒன்று அதன் பசைப் பழத்தைத் தின்று, விதையைக் கிளையில் துடைத்துவிட்டுப் போகும், அது முளைத்து மாவின் தண்ணீரைக் குடிக்கும். ஆலே என்ன யோக்கியம்? பறவை எச்சத்தில் வந்து பனைமட்டை இடுக்கில் முளைத்து, பனையையே கட்டிப்பிடித்து, கடைசியில் பனை இருந்த இடம் தெரியாமல் செய்துவிடும். ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை நோய் கண்டு, 1925-ல் அடிமரத்தையே எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் மேல் அது இன்றும் நிற்கிறது. நம் சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுமரமும் 1989-ல் புயலில் விழுந்துதான் போனது. தூணை எடுத்தும் நிற்கிற கட்டடம் நாம் கட்டியதில் உண்டா?

அத்தி வகைப் பழங்களை உண்ணும் பறவை, விலங்கினங்கள் உலகத்தில் 1,200-க்கும் மேல் என்று 2001-ல் தொகுத்திருக்கிறார்கள். வேறு பழம் இல்லாத மாதத்திலும் ஏதோ ஓர் அத்தி காய்த்திருக்கும் என்பது ஒரு காரணம். அப்படி மாதம் தவறாமல் ஏதோ ஒரு மரம் காய்த்தால்தான் அந்த ஒருநாள் குளவிக்கும் போக இடம் உண்டு. நம் ஊரில் எனக்குத் தெரிந்து முன்பு ஒன்பது அத்தி இருந்தன. வாய்க்கால் கரையில் ஐந்து, கோயில் நந்தவனத்தில் இரண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, நம் கிணற்றடியில் ஒன்று. போன மாதம் நடந்தே போய் எண்ணினேன். மூன்று.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன்.

நாம் எல்லோரும் நன்கொடை கொடுத்துக் கட்டப்போகும் முன்னாள் மாணவர் அரங்கத்தின் வரைபடம் உங்கள் கோப்பில் இருக்கிறது. முன்மண்டபத்தின் வலதுபக்கத் தூண் விழும் இடம் அந்த அத்தி நிற்கும் இடம். மரத்தைப் பெயர்த்து மைதானத்து ஓரத்தில் நடுவதாகக் குறிப்பு இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டது நான்தான். குறிப்பையும் நான்தான் எழுதினேன், அரச மரத்தை மறுபடி போய்ப் பார்ப்பதற்கு முன்னால்.

இப்போது மாற்று வரைபடம் ஒன்று போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அரங்கத்தைப் பன்னிரண்டு மீட்டர் கிழக்கே நகர்த்தி, முன்மண்டபத்தை வடக்கே திருப்பியிருக்கிறேன். இதில் நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். பதினான்கு கார் நிறுத்தும் இடம் போகும். கிழக்குப் பக்கம் மண் இளக்கம், அஸ்திவாரச் செலவு கூடும். எவ்வளவு என்பதைப் பொருளாளர் அண்ணனிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன், அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. மரம் அருகில் இருந்தால் பறவை எச்சத்தில் வரும் விதை கைப்பிடிச் சுவரிலும் சன்ஷேடிலும் முளைக்கும். அதை வருடம் இரண்டு தடவை ஏணி போட்டுப் பிடுங்க வேண்டும், விட்டால் சுவர் பிளக்கும். அந்த வேலையை எங்கள் 2011 அணி எழுதிக் கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. மரத்தைச் சுற்றி எட்டு மீட்டருக்கு ஜேசிபி போகக்கூடாது, சிமென்ட் தளம் போடக்கூடாது என்றும் வரைபடத்தில் குறித்திருக்கிறேன். வேர் அதைத் தாண்டியும் போகும். ஆனால் அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல்வர் அவர்களும் குழுவும் பிற்பகல் பொதுக்கூட்டத்தில் இரண்டு வரைபடத்தையும் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வாசல் பலகையில் மாட்டியிருக்கின்றன. தப்பு இருந்தால் சொல்லுங்கள், ஸ்ட்ரக்சுரல் பேராசிரியர் முன்னிலையில் திருத்திக்கொள்கிறேன். அவரிடம் திருத்து வாங்குவது எனக்குப் பழக்கம்தான்.

மரம் இப்போது காய்த்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் கிணற்றடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். என் அக்கா பிளேடும் லென்ஸும் வைத்துக்கொண்டு அங்கே காத்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், முசுறு திரும்பி வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் எண்ணினேன், பதினொரு கூடு.